செங்கீரை முதல் சிறுதேர் வரை: குழந்தையின் வளர்ச்சியைக் கணக்கு வைத்துப் பார்ப்போம்

நான் வைத்தியன் அல்லன், ஜவுளி வியாபாரி. படாபஜாரில் முப்பத்தைந்து வருஷமாக ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் விற்றுப் பிழைக்கிறவன். கடையை அடைத்துவிட்டு வந்தபின் பழந்தமிழ் நூல்களைப் புரட்டுவது என் வழக்கம். மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் இலக்கியக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். பிள்ளைத்தமிழைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது, ஏட்டில் இருக்கும் பிள்ளையை விட வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லுவதே முதல் கடமை என்று தோன்றியது. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு ஆயாக்கள்

எங்கள் வடஆற்காட்டுப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. கொல்கத்தாவில் ஆயா என்றால் சம்பளத்துக்குக் குழந்தை பார்க்க வரும் பெண். சொல் ஒன்றுதான், ஆனால் ஊர் மாறியபோது நாம் இழந்தது என்ன என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

ஊரில் குழந்தை பிறந்தால் நாலு வீட்டு ஆயாக்கள் எட்டிப் பார்ப்பார்கள். "கழுத்து நின்னுடுச்சா?" "குப்புற விழுந்தானா?" "அடி எடுத்து வெச்சாளா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பத்து இருபது பிள்ளைகளை வளர்த்தவர்கள். எந்தப் பிள்ளையாவது பின்தங்கினால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் கணவன், மனைவி, ஒரே குழந்தை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணி அன்பானவர்தான். ஆனால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று நம் பெண்களுக்குக் கூச்சம். அங்கன்வாடியில் கொடுக்கும் தாய் சேய் நல அட்டையில் குழந்தையின் வளர்ச்சிப் படிகள் படத்தோடு போட்டிருக்கும். ஆனால் அது வங்காள எழுத்தில். நம் மருமகள்களில் பலருக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. அதனால் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

அந்த அட்டையின் வேலையையும் ஊர் ஆயாவின் வேலையையும் இக்கட்டுரை கொஞ்சமாவது செய்யட்டும் என்பதே என் ஆசை.

புலவர்கள் வகுத்த படிகள்

பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பாடும் பிரபந்தம். இதன் வித்து தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைப் பருவங்களைப் படிப்படியாகப் பாடினார். நமக்குக் கிடைத்துள்ள முதல் தனிப் பிள்ளைத்தமிழ் நூல் 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் என்பர். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அறியாதவர் இல்லை.

எந்தப் பருவத்தை எந்த மாதத்தில் வைத்துப் பாட வேண்டும் என்று இலக்கணம் சொல்பவை பாட்டியல் நூல்கள். வெண்பாப் பாட்டியல் என்னும் வச்சணந்தி மாலையை இயற்றிய குணவீர பண்டிதர் எங்கள் சமண மரபினர். நேமிநாதம் என்ற இலக்கண நூலும் அவருடையதே. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் பத்துப் பருவங்களையும் வைப்பது பரவலான வழக்கு. நூலுக்கு நூல் மாதக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. இந்த வரிசைதான் நமக்கு முக்கியம்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று சேரும். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று வரும். நீராடலை வைத்துப் பாடுவதும் உண்டு.

இதைச் சும்மா கவிதை அலங்காரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். குழந்தை வைத்தியர்கள் பார்க்கும் வளர்ச்சிப் படிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், புலவர்கள் வெறும் கற்பனையில் எழுதவில்லை, திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கிய மாதக் கணக்கை வைத்து யாரும் தம் குழந்தையை எடை போடக் கூடாது. பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளப் பிள்ளைத்தமிழ் உதவும். முடிவு சொல்ல வேண்டியது வைத்தியம்.

பருவம் பருவமாக

காப்புப் பருவம் குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. இந்த முதல் மூன்று மாதத்தில் குழந்தை என்ன செய்யும்? பலத்த சத்தத்துக்குத் திடுக்கிடும். தாயின் முகத்தை உற்றுப் பார்க்கும். இரண்டு மாத வாக்கில், நாம் முகம் பார்த்துப் பேசினால் பதிலுக்குச் சிரிக்கும். தூக்கத்தில் தானாகச் சிரிப்பது வேறு, முகம் பார்த்துச் சிரிப்பது வேறு. வைத்தியர்கள் கேட்பது இரண்டாவதைத்தான்.

செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி முகம் அசைத்து ஆடுவது. கழுத்து நின்று, தோளுக்கும் கைக்கும் பலம் வந்தால்தான் இது முடியும். நாலு மாத வாக்கில் கழுத்து நிற்கும். ஆறு மாதத்துக்குள் குழந்தை புரளும், கை நீட்டிப் பொருளைப் பிடிக்கும்.

தால் என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடும் தாலாட்டுக்கு உரிய பருவம் இது. குழந்தையும் இந்த ஆறு, ஏழு மாதத்தில்தான் நாவசைத்து மழலை தொடங்குகிறது. முதலில் வரும் "ஆ, ஊ" வேறு. "பாபாபா, மாமாமா, தாதாதா" என்று மெய்யெழுத்தும் உயிரும் சேர்ந்து திரும்பத் திரும்ப வருவது வேறு. இரண்டாவது வகை ஒன்பது, பத்து மாதத்துக்குள் வந்துவிட வேண்டும்.

சப்பாணி என்பது உட்கார்ந்து கை கொட்டுவது. பிடிமானம் இல்லாமல் உட்காரத் தெரிந்தால்தான் இரண்டு கையும் கொட்டுவதற்கு விடுதலையாகும். ஒன்பதாம் மாதம் என்ற பழங்கணக்கும் இன்றைய கணக்கும் இங்கே ஒத்துப்போகின்றன.

முத்தம் என்பது "ஒரு முத்தம் தா" என்று கேட்பது. கேட்டதைப் புரிந்துகொண்டு கன்னத்தைக் காட்டவோ முகத்தைக் கொண்டுவரவோ குழந்தைக்கு அறிவு வளர்ந்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, டாட்டா காட்டுவது, "வேண்டாம்" என்றால் கையை நிறுத்துவது எல்லாம் இந்தப் பருவத்துப் பாடம். ஓராண்டு முடிவதற்குள் இவை தெரிய வேண்டும்.

வருகை என்பது "தளர்நடையிட்டு வா" என்று அழைப்பது. நடை சராசரியாக ஒரு வயதில் வருகிறது.

அம்புலியை நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன். நிலாவைக் காட்டி, "இந்தப் பிள்ளையோடு விளையாட வா" என்று அழைக்கும் பருவம். தாய் விரலால் காட்டுகிறாள். குழந்தை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறது. பிறகு தானே விரல் நீட்டி நிலாவைக் காட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. "நான் பார்ப்பதை நீயும் பார்" என்பதே அதன் பொருள். ஆட்டிசம் உண்டா என்று 18ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும் வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளில் இந்த விரல் காட்டல் தலையானது. பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவது மட்டும் போதாது. காக்கா, டிராம், நிலா என்று ரசிப்பதற்காகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் விளையாட்டுப் பருவங்கள். மற்றப் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டைக் கலைப்பது, பறை கொட்டுவது, தேர் இழுப்பது. ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் குழந்தை பொருளை அதற்குரிய விதத்தில் பயன்படுத்துகிறதா, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போல் பாவனை செய்கிறதா, மற்றப் பிள்ளைகளிடம் நாட்டம் காட்டுகிறதா என்பதே இதில் பார்க்க வேண்டியது.

சடங்குகளிலும் இந்த அறிவு புதைந்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு ஜினசேனரின் ஆதிபுராணம் வரிசைப்படுத்தும் கிரியைகளில், சோறூட்டலுக்கு முன்பாகக் குழந்தையை ஆசனத்தில் உட்கார வைக்கும் நிஷத்யா என்ற கிரியை வருகிறது. முதுகு நின்ற பிறகே சோறு என்பது சரியான வரிசைதான். நம்மைச் சுற்றியுள்ள வங்காளிகள் "முகே பாத்" விழாவில் தட்டில் மண், புத்தகம், பேனா, பொன் வைத்துக் குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். எதை எடுத்தால் என்ன ஆவான் என்பது வேடிக்கை. கை நீட்டிக் குறிவைத்து எடுக்கிறதா, இரண்டு கையும் சமமாக வருகிறதா என்பது கவனிக்க வேண்டியது.

எவ்வளவு தாமதம் வரை பொறுக்கலாம்?

எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் நடக்காது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தில்லியைச் சேர்ந்தவர்கள். நலமான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதம் முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நின்றது 6.9 முதல் 16.9 மாதத்துக்குள். தனியாக நடந்தது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். ஆக, பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் ஓடுகிறது, நம் பிள்ளை பதினாலு மாதத்தில்தான் எழுந்து நிற்கிறது என்று கலங்க வேண்டாம். இரண்டுமே இயல்புதான். நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டதாகவும் அக்கணக்கு சொல்கிறது.

ஆனால் சன்னலுக்கு ஒரு விளிம்பு உண்டு. அதைத் தாண்டினால் பொறுமை என்பது நல்ல குணம் ஆகாது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே குழந்தை வைத்தியரிடம் போக வேண்டும்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.
ஐந்து மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை.
ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை.
ஒரு வயது முடிந்தும் மழலை இல்லை. டாட்டா, விரல் காட்டல் போன்ற எந்தச் சைகையும் இல்லை. பெயர் சொன்னால் திரும்பவில்லை.
ஒன்றரை வயது முடிந்தும் நடக்கவில்லை. பொருள் தெரிந்து சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை.
இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" என்று தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை.
ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது. இதை இடக்கைப் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. மற்றக் கை பலவீனமாக இருக்கலாம்.
உடம்பு விறைப்பாகவோ துணி போலத் துவண்டோ இருக்கிறது.
எந்த வயதானாலும் சரி, வந்த சொல்லோ வந்த திறமையோ திரும்பப் போய்விட்டது. இது எல்லாவற்றையும் விட அவசரம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கை மாற்ற வேண்டும். 40 வாரத்துக்குப் பதில் 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முன்னதாக வந்துவிட்டது. பிறந்து ஆறு மாதம் ஆனாலும் வளர்ச்சிக் கணக்கில் அதற்கு நாலு மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பது முறை.

நாம் சொல்லும் சமாதானங்கள்

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2011இல் எனக்கு மகன் வயிற்றுப் பேரன் பிறந்தான். ஆறு மாதத்தில் மழலை பேசினான், வீடே மகிழ்ந்தது. பத்து மாதம் இருக்கும், மருமகள் ஒரு நாள், "மாமா, குக்கர் விசில் அடிச்சா இவன் திரும்பவே மாட்டேங்கறான்" என்றாள். "விளையாட்டு மும்முரம், அதான்" என்றேன். மழலையும் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த ஆண்டு துர்கா பூஜையில் பந்தலுக்குத் தூக்கிப் போனேன். டாக் மேளம் முழங்கியதும் சட்டென்று திரும்பிக் கைகொட்டினான். "பார்த்தியா, காது நல்லாத்தான் இருக்கு" என்று அவளிடம் வெற்றிப் பெருமையோடு சொன்னேன். என் மனைவியோ, "இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்றாள். வந்த சொந்தக்காரர்கள், "வீட்டில் தமிழ், ஆயாவிடம் வங்காளம், டிவியில் இந்தி, பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? தமிழை நிறுத்திப் பாருங்க" என்றார்கள்.

பரிசோதனை செய்தபோது அவனுக்கு இரண்டு வயதும் ஐந்து மாதமும். இரு காதிலும் கடுமையான குறைபாடு. மேளம் போன்ற கனத்த ஒலி ஓரளவு கேட்கும். அதிர்வும் உடம்பில் தெரியும். விசில், பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காது. காது கேளாத குழந்தையும் முதலில் மழலை பேசும், தன் குரலே தனக்குக் கேட்காததால் பிறகு அடங்கிப்போகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தாய் பத்தாம் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பத்தொன்பது மாதத்தை வீணாக்கியது நான். படித்தவன், ஏடு புரட்டுகிறவன் என்று வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்புதான் அவள் வாயை அடைத்தது.

காதுக் கருவி போட்டு, பேச்சுப் பயிற்சி கொடுத்து, அவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். தமிழிலும் வங்காளத்திலும் பேசுகிறான். சகரம் மட்டும் இன்னும் நழுவும். அந்தப் பத்தொன்பது மாதத்தை நான் திருப்பித் தர முடியாது. எழுதத்தான் முடியும்.

அதனால் நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மூன்று மொழி கேட்பதால் பேச்சு வரவில்லை." இது தவறு. பல மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆகாது என்பது ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்ட முடிவு. ஆனால் சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். குழந்தை "பால்" என்று தமிழிலும் "ஜொல்" என்று வங்காளத்திலும் "காடி" என்று இந்தியிலும் சொன்னால் மூன்று சொல். இப்படிச் சேர்த்து எண்ணியும் குறைவாக இருந்தால் காரணம் வேறு. தமிழை நிறுத்துவது மருந்து அல்ல. தாய்க்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் அவள் நிறையப் பேசுவதுதான் குழந்தைக்குப் பலம். காது கேளாத பிள்ளைக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இதுவே பொருந்தும்.

"ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்." சராசரியில் மிகச் சிறிய வித்தியாசம் உண்டு. ஆனால் மேலே சொன்ன விளிம்புகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

"அவன் அப்பாவும் லேட்." அந்தக் காலத்தில் அப்பாவை யாரும் பரிசோதிக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். குடும்பத்தில் தாமதம் உண்டு என்றால் இன்னும் சீக்கிரம் பார்ப்பதே முறை.

"வாக்கர் வாங்கிப் போட்டால் நடந்துவிடுவான்." சக்கரம் வைத்த வாக்கருக்குள் உட்கார வைப்பதால் நடை சீக்கிரம் வருவதில்லை. உருண்டு விழும் ஆபத்துக்காகக் கனடா நாடு 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி வேறு. அதைப் பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. அதற்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"செல்போனில் பாட்டுப் போட்டால் பேச்சு வரும்." பேச்சு என்பது கொடுக்கல் வாங்கல். குழந்தை "ஊ" என்றால் நாம் "ஊ" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். செல்போன் பாடும், பதில் சொல்லாது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

ஒரு நூல், ஒரு நிமிஷம்

நம் பக்கத்து மாநிலத்தில் செய்த ஒரு நல்ல வேலையைச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991இல் ஓர் அட்டையை வெளியிட்டார்கள். திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டை என்று சொல்லலாம். அதற்கும் முன்பு பரோடாவில் இந்தியக் குழந்தைகளைச் சோதித்து வகுத்த பெரிய அளவுகோலிலிருந்து 17 படிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பிறந்தது முதல் இரண்டு வயது வரை பட்டை பட்டையாக வரைந்திருக்கிறார்கள். குழந்தையின் மாத வயதில் ஒரு நூலையோ பென்சிலையோ மேலிருந்து கீழாக வைக்க வேண்டும். நூலுக்கு இடப்பக்கம் முடிந்துவிடும் பட்டைகளில் சொன்னதையெல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். செய்யாத ஒன்று இருந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிஷ வேலை. கிராமத்துச் சுகாதார ஊழியரும் செய்யலாம்.

வியாபாரிக்கு இது எளிதில் புரியும். பேரேட்டில் தவணைத் தேதியில் கோடு போட்டால் வசூலாகாத பாக்கி எது என்று தானே தெரிகிறது. பாக்கி தெரிந்தவுடன் ஆள் அனுப்புகிறோம். கடன்காரர் திவாலாகிவிட்டார் என்று அழுவதில்லை. அதுபோல இந்தச் சோதனையில் ஒரு குறை தெரிந்தால் அது நோய் என்று அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டும் என்று மட்டும் அர்த்தம்.

பார்த்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சில காரணங்கள் காலத்தில் பிடித்தால் சரிசெய்யக் கூடியவை. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படுகிறது. பிந்தினால் இழந்தது திரும்புவதில்லை. குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். காது விஷயத்தில் வைத்தியர்கள் ஒன்று, மூன்று, ஆறு என்று சொல்வார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அதில் ஏமாந்தவன் நான். குழந்தை தூங்கும்போதே செய்யும் பெரா போன்ற சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூளைவாதம், ஆட்டிசம் போன்றவற்றுக்கு மாத்திரை இல்லாவிட்டாலும், மூளை வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் பயிற்சி தொடங்கினால் பிள்ளை அடையக் கூடிய உயரம் கூடுகிறது.

நம் ஊரில் எங்கே போவது?

முதலில் உங்கள் குழந்தை வைத்தியர். அவர் "பார்க்கலாம்" என்று சொன்னால், "எத்தனை வாரம் கழித்து, எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். பார்க் சர்க்கஸில் டாக்டர் கே.சி. சௌதுரி 1956இல் நிறுவிய குழந்தை நல நிறுவனமும், பூல்பகானில் டாக்டர் பி.சி. ராய் பெயரிலான அரசுக் குழந்தை மருத்துவமனையும் இருக்கின்றன. பி.டி. ரோடில் பன்ஹூக்ளியில் மத்திய அரசின் தேசிய இயக்கக் குறைபாட்டு நிறுவனம் உள்ளது. அந்த வளாகத்திலேயே அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் கிழக்கு மண்டல மையமும் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு தொடங்கிய ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்களில் கொல்கத்தாவும் ஒன்று. கை கால் விறைப்பு, மூளைவாதம் என்றால் தாராதலாவில் இந்திய மூளைவாத நிறுவனம் இருக்கிறது. திருமதி சுதா கௌல் 1974இல் தொடங்கியது. கைக்குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது அவர்கள் வழக்கம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி பிறந்தது முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்துக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வங்காளம் தடையாக இருந்தால் சங்கத்து அன்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். கச்சேரிக்கும் பொங்கலுக்கும் கூடுகிற நாம் இதற்கும் கூடலாம். நானே வரத் தயார். மத்தியானம் கடையில் கூட்டம் இராது.

முடிவாக

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றும் நடந்த தேதியைப் போடுங்கள்: முதல் சிரிப்பு, கழுத்து நின்றது, செங்கீரை, சப்பாணி, முதல் சொல், முதல் அடி, நிலாவைக் காட்டியது. செல்போனில் ஆயிரம் படம் இருக்கும். வைத்தியர் கேட்கும்போது தேதி சொல்ல இந்த நோட்டுதான் உதவும். பிறகு பிள்ளை பெரியவனானதும் படித்துப் பார்க்க அதுவே அவனுடைய பிள்ளைத்தமிழ்.

தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. இராப்பகல் பிள்ளையோடு இருப்பவள் தாய். "ஏதோ சரியில்லை" என்று அவள் சொன்னால் அதற்குச் சமாதானம் தேடாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்புங்கள். பயம் வீண் என்று தெரிந்தால் திரும்பி வரும் வழியில் எல்லோருமாக ஒரு ரசகுல்லா சாப்பிடலாம். பயம் உண்மை என்றால், அன்றே தொடங்கிவிட்டோம் என்ற ஆறுதல் மிஞ்சும். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. உங்களுக்கு இருக்கட்டும்.